‘என்று’ இருக்கும்போது காற்புள்ளி எதற்கு? கதையில் உரையாடல் எழுதும் முறை

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். சிறுகதை ஒன்றை ஓர் இதழுக்கு அனுப்பினீர்கள். ‘உரையாடல் பகுதிகள் குழப்பமாக உள்ளன, திருத்தி அனுப்பவும்’ என்ற ஒற்றை வரிக் குறிப்போடு அது திரும்பி வந்துவிட்டது. மேற்கோள் குறிக்குள் முற்றுப்புள்ளியா காற்புள்ளியா, ஒவ்வொருவர் பேச்சையும் தனி வரியில்தான் எழுத வேண்டுமா, இதற்கெல்லாம் தமிழில் விதி என்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். கதையிலிருந்து ஒரு பத்தியும் தந்திருக்கிறீர்கள். அதையே மேசைமேல் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முத்து உள்ளே வந்தான். “ அம்மா அப்பா எங்கே ?” என்றுக் கேட்டான். “வயலுக்குப் போயிருக்கிறார்.” என்றாள் அம்மா “ஏன் கேட்கிறாய் ?” “ஒன்றுமில்லை.......” “சொல் !!!” என்று அதட்டினாள். நான் பணத்தைத் தொலைத்துவிட்டேன் என்று முத்து சொன்னான்.

கதையைச் சொல்பவள் முத்துவின் அக்கா. ரேஷன் கடைக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் காணாமல் போயிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இணையத்தில் உரையாடல் எழுதும் விதிகளைத் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே தமிழில் பொருத்தினால் பாதி பொருந்தாது. காரணம், பேச்சு எங்கே முடிகிறது என்று காட்ட நம்மிடம் குறிக்கு முன்பே ஒரு சொல் இருந்தது: ‘என்று’. அதன் அண்ணன் ‘என’. ஓலைச்சுவடியில் மேற்கோள் குறி கிடையாது, காற்புள்ளி கிடையாது, சொற்களுக்கிடையே இடைவெளிகூடக் கிடையாது. ஆனாலும் பாத்திரங்கள் பேசினார்கள், கேட்டவர்களுக்குப் புரிந்தது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்துப் பாருங்கள். பாண்டியன் கண்ணகியைப் பார்த்து, யார் நீ என்று கேட்கிறான். அவள் பதில் சொல்லத் தொடங்குகிறாள். மூலத்தில் அந்த இடம் இப்படி இருக்கிறது:

யாரையோ நீ மடக்கொடியோய் எனத்
தேரா மன்னா செப்புவது உடையேன்

‘என’ வந்ததும் அரசன் பேச்சு முடிந்தது. அடுத்த சொல் கண்ணகியுடையது. ‘கண்ணகி சொன்னாள்’ என்று கவிஞர் அங்கே அறிவிக்கவில்லை. அந்த ‘எனத்’ என்பதன் கடைசியில் நிற்கும் ‘த்’தைக் கவனியுங்கள்: அரசன் வாயை மூடும் சொல்லும் கண்ணகி வாயைத் திறக்கும் சொல்லும் புணர்ச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு பேச்சுக்கும் நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை. அவளுடைய கோபத்துக்கு அது எவ்வளவு பொருத்தம்!

காற்புள்ளியும் மேற்கோள் குறியும் ஐரோப்பியரின் அச்சுக்கலையோடு நம்மிடம் வந்தவை. 1578இல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சேறிவிட்டது என்றாலும், இந்தக் குறிகள் உரைநடையில் ஊன்றியது 19ஆம் நூற்றாண்டில்தான். அவற்றைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஆறுமுக நாவலருக்கு முக்கிய இடம் உண்டு. ஆகவே நம் மொழியில் மேற்கோள் குறி, ‘என்று’ என்னும் சொல்லுக்கு உதவிக்கு வந்த ஆள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றில் பெரும்பகுதி தானாக விளங்கும்.

முதலில் முற்றுப்புள்ளி. “வயலுக்குப் போயிருக்கிறார்.” என்றாள் அம்மா. இங்கே புள்ளி வைத்த இடத்தில் வாக்கியம் முடியவில்லை. ‘என்றாள்’ வரும்வரை அது ஓடுகிறது. எனவே உள்ளே முற்றுப்புள்ளி கூடாது. பழைய தொடர்கதைகளிலும் இன்றைய பல நூல்களிலும் “வயலுக்குப் போயிருக்கிறார்,” என்றாள் அம்மா என்று காற்புள்ளி போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அது தவறில்லை. ஆனால் அந்தக் காற்புள்ளி செய்யும் வேலையை ‘என்றாள்’ ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. நான் போடுவதில்லை. “வயலுக்குப் போயிருக்கிறார்” என்றாள் அம்மா. அவ்வளவே போதும். நீங்கள் காற்புள்ளி போடுகிறவராக இருந்தால் கதை முழுக்கப் போடுங்கள். ஒரு பக்கத்தில் இருந்து அடுத்த பக்கத்தில் இல்லாமல் போவதுதான் பிழை திருத்துபவரைக் கோபப்படுத்தும்.

கேள்விக்குறிக்கும் உணர்ச்சிக்குறிக்கும் இந்தச் சலுகை கிடையாது. அவை பேச்சின் தொனியைச் சொல்பவை. பேச்சுக்குள்ளேயே இருக்க வேண்டும். “அப்பா எங்கே?” என்று கேட்டான். கேள்விக்குறிக்குப் பிறகு காற்புள்ளி வேண்டாம். பேச்சுக்குப் பின்னால் எதுவும் வராமல் வரி அங்கேயே முடிந்தால் மட்டும் முற்றுப்புள்ளி உள்ளே வரும்: “வயலுக்குப் போயிருக்கிறார்.”

பேசுபவர் பெயர் முன்னால் வந்தால் அதை அடுத்துக் காற்புள்ளி: முத்து, “அப்பா எங்கே?” என்று கேட்டான். ‘முத்து கேட்டான்:’ என்று முக்காற்புள்ளி வைத்துப் பேச்சைத் தொடங்குவதும் உண்டு; அப்போது பின்னால் ‘என்று’ தேவையில்லை. முன்னால் ‘கேட்டான்’, பின்னால் ‘என்று கேட்டான்’ என இரண்டு பக்கமும் கதவு வைக்காதீர்கள். வெறும் பெயரும் முக்காற்புள்ளியும் வைத்து வரிவரியாக எழுதுவது நாடகப் பிரதியின் வடிவம். கதையில் அது திடீரென்று வந்தால் அரங்கத்தில் விளக்கைப் போட்டது போலிருக்கும்.

அடுத்து, ‘என்றுக் கேட்டான்’. கதை அனுப்புகிறவர்களில் பாதிப் பேராவது செய்யும் பிழை இது. ‘என்று’ என்பதன் பின் வல்லினம் மிகாது: என்று கேட்டான், என்று சொன்னான், என்று பார்த்தான். ‘என’ என்பதன் பின் மிகும்: எனக் கேட்டான், எனச் சொன்னான். ‘எனக்’ என்பதைப் பார்த்துப் பழகிய கை ‘என்றுக்’ என்றும் எழுதிவிடுகிறது. கணினியில் ‘என்றுக்’, ‘என்றுச்’, ‘என்றுத்’, ‘என்றுப்’ என்று நான்கையும் தேடி, வந்த இடத்திலெல்லாம் ஒற்றை நீக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

மேற்கோள் குறிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது புணர்ச்சியைத் தடுத்து நிறுத்தும். குறி இல்லாதபோது ‘வருகிறேனென்றான்’ என்று சேர்த்து எழுதலாம். பழைய உரைநடையில் அப்படித்தான் இருக்கும். குறி வந்துவிட்டால் “வருகிறேன்” என்றான் எனப் பிரித்தே எழுத வேண்டும், குறிக்குப் பின் ஓர் இடைவெளியோடு.

‘திடீரென்று’, ‘படாரென்று’ போன்றவற்றில் இருப்பதும் இதே ‘என்று’தான். யாரும் பேசாவிட்டாலும் வரும். தொல்காப்பியம் இடையியலில் ‘என’ என்பதற்குச் சொல்லும் பொருள்களில் இசையும் (அதாவது ஒலியும்) குறிப்பும் சேர்த்தி. ‘என்று’ என்பதும் அப்படியே என்கிறது. அதனால் கதவு ‘படார்’ என்று சாத்திக்கொண்டது என ஒலிக்கெல்லாம் மேற்கோள் குறி மாட்டத் தேவையில்லை. படாரென்று சாத்திக்கொண்டது என்றாலே சத்தம் கேட்கிறது.

இப்போது தனி வரி. ஆள் மாறினால் வரி மாற வேண்டும். உங்கள் பத்தியில் அம்மாவின் “ஏன் கேட்கிறாய்?” என்பதும் முத்துவின் “ஒன்றுமில்லை” என்பதும் ஒரே வரியில் முட்டிக்கொள்கின்றன. வாசகர் ஒரு கணம் நின்று, இது யார் பேச்சு என்று எண்ணிப் பார்க்கிறார். அந்தக் கணத்தில் கதை கையைவிட்டுப் போகிறது. பேச்சோடு அந்த ஆளின் செயலும் வந்தால் அது அவருடைய பேச்சு இருக்கும் பத்தியிலேயே இருக்கட்டும். முத்து தலையைக் குனிந்தால் அது முத்துவின் பத்தியில்; அம்மா முறத்தைக் கீழே வைத்தால் அது அம்மாவின் பத்தியில். இதைச் செய்துவிட்டால் ‘என்றான்’, ‘என்றாள்’ பாதி குறைந்துவிடும்.

குறைக்க முடியாத இடத்திலும் தமிழ் நமக்கு ஒரு வசதி வைத்திருக்கிறது. உங்கள் காட்சியில் மூன்று பேர். முத்து பேசினால் ‘என்றான்’, அம்மா பேசினால் ‘என்றாள்’, கதை சொல்லும் அக்கா பேசினால் ‘என்றேன்’. அப்பா வயலிலிருந்து வந்துவிட்டால் ‘என்றார்’. நான்கு பேர், நான்கு விகுதி. ஒரு பெயர்கூடச் சொல்லாமல் முழுக் காட்சியையும் நடத்தலாம். அத்தையும் வந்து உட்கார்ந்தால்தான் பெயர் தேவைப்படும். (அப்பாவுக்கு ‘என்றார்’, அம்மாவுக்கு ‘என்றாள்’ என்பது வீட்டு வழக்கம். இப்போது அம்மாவுக்கும் ‘என்றார்’ எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எதுவானாலும் சரி, மூன்றாம் பக்கத்தில் மாற்றிவிடாதீர்கள்.) பேச்சுக்குள்ளேயே வரும் முறைப்பெயரும் ஆளைக் காட்டிவிடும். “அக்கா” என்று தொடங்கும் வரி யாருடையது என்று உங்கள் கதையில் யாருக்கும் சந்தேகம் வராது.

‘என்று’ எந்த வினையோடும் ஒட்டிக்கொள்ளும் என்பதைப் புதிதாக எழுதுகிறவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. ‘என்று கூறினான்’, ‘என்று பதிலளித்தான்’, ‘என்று வினவினான்’ என்று சொல்வதற்கான வினைகளையே மாற்றி மாற்றிப் போட்டு வறண்டுபோகிறார்கள். “போதும்” என்று தட்டை நகர்த்தினாள். “வருகிறேன்” என்று செருப்பை மாட்டினான். சொன்னதும் செய்ததும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டன. நம் பாட்டிகள் கதை சொல்லும்போது இப்படித்தான் சொன்னார்கள். ‘வினவினான்’ என்பதைத் தேர்வுத் தாளுக்கே விட்டுவிடலாம்.

‘என்று’ கடைசியில் வருவதால் ஒரு தொல்லையும் இருக்கிறது. ‘முத்து,’ என்று தொடங்கி, அரைப் பக்கம் பேசவிட்டு, ‘என்று சொன்னான்’ என்று முடித்தால், அங்கே வரும்போது யார் பேசினார் என்பதே மறந்திருக்கும். நீண்ட பேச்சானால் முதல் வாக்கியத்துக்குப் பிறகே ஆளைக் காட்டிவிடுங்கள். “கடைக்குப் போகும்போது பை கையில்தான் இருந்தது” என்றான் முத்து. பிறகு மற்றதைத் தனி மேற்கோளாகத் தொடருங்கள். பெயர் இப்படி வினைக்குப் பின்னால் வருவது தமிழில் இயல்பானதே. பேச்சு ஒரு பத்தியைத் தாண்டினால் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறக்கும் குறி போட்டு, கடைசிப் பத்தியில் மட்டும் மூடுவது அச்சு மரபு. ஆனால் நம் வாசகர்களில் பலர் அதை மூட மறந்த பிழை என்றே நினைக்கிறார்கள். நடுவில் யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கட்டும், சிக்கல் தீர்ந்தது.

உங்கள் பத்தியின் முதல் பேச்சுக்கு வருகிறேன். “அம்மா அப்பா எங்கே?” என்பதற்கு இரண்டு பொருள். அம்மாவும் அப்பாவும் எங்கே என்பது ஒன்று. அம்மாவை அழைத்து அப்பாவைப் பற்றிக் கேட்பது மற்றொன்று. “அம்மா, அப்பா எங்கே?” என்று எழுதினாலும் முழுதாகத் தீரவில்லை, அந்தக் காற்புள்ளி அழைப்புக்கும் வரலாம், அடுக்குக்கும் வரலாம். இங்கே குறியை நம்பாமல் சொல்லை மாற்றுவதே நல்லது: “அப்பா எங்கே அம்மா?” விளியைக் கடைசிக்குக் கொண்டுபோனதும் தெளிந்துவிட்டது. மற்றபடி விளிக்குப் பின் காற்புள்ளியைத் தவறவிடாதீர்கள். “தம்பி வந்தானா?” என்றால் தம்பியைப் பற்றி யாரிடமோ கேட்பது. “தம்பி, வந்தானா?” என்றால் தம்பியிடம் இன்னொருவனைப் பற்றிக் கேட்பது. ஒரு புள்ளிக்கு வால் முளைத்தால் ஆளே மாறிவிடுகிறான்.

புள்ளிகள் மூன்றே போதும். ஏழு புள்ளி வைத்தால் தயக்கம் ஏழு மடங்கு ஆகாது. பேச்சு தேய்ந்து நின்றால் முப்புள்ளி. இன்னொருவர் குறுக்கிட்டு வெட்டினால் இடைக்கோடு. “சொல் !!!” என்பதில் மூன்று உணர்ச்சிக்குறி இருக்கிறது, பிறகு ‘அதட்டினாள்’ என்றும் இருக்கிறது. “சொல்” என்று அதட்டினாள். குறியே இல்லாமல் கேட்டுப் பாருங்கள், அம்மாவின் குரல் தாழ்ந்து இன்னும் பயமாக இருக்கும்.

மனத்துக்குள் நினைப்பதற்கு ஒற்றை மேற்கோள் வைத்துக்கொள்ளலாம்: ‘இவன் ஏன் விழிக்கிறான்?’ என்று நினைத்தேன். சத்தமாகப் பேசியது இரட்டை, நினைத்தது ஒற்றை என்று பிரித்தால் வாசகருக்கு எளிது. சில பதிப்பகங்கள் பேச்சுக்கே ஒற்றை போடும். குறியே இல்லாமல் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பேச்சும் நினைவும் விவரிப்பும் ஒன்றில் ஒன்று கரைய வேண்டும் என்று திட்டமிட்டு எழுதுகிறார்கள். அது அழகாக வரும். ஆனால் முழு பாரத்தையும் ‘என்று’ தனியாகச் சுமக்கும். மேற்கோள் குறியோடு ஒழுங்காக எழுதத் தெரிந்த பிறகு அதற்குப் போகலாம்.

பேச்சுக்குள் வட்டார வழக்கு எழுதுகிறீர்களா என்று தெரியவில்லை. தந்த பத்தியில் இல்லை. எழுதினால், மேற்கோள் குறி ஒரு வேலியாக நிற்கிறது: உள்ளே ஊர்ப் பேச்சு, வெளியே கதைசொல்லியின் நடை. வேலியைத் தாண்டி இரண்டும் மேய்ந்தால் குழப்பம். ஒரு பாத்திரம் ஒரு சொல்லை முதல் பக்கத்தில் எப்படி உச்சரிக்கிறதோ அப்படியே கடைசிப் பக்கத்திலும் உச்சரிக்கட்டும். விழுங்கிய எழுத்துக்கெல்லாம் மேலே ஒரு கொக்கி போடும் ஆங்கிலப் பழக்கம் நமக்கு வேண்டாம்.

இனி தட்டச்சு. உங்கள் பத்தியில் திறக்கும் குறிக்குப் பின்னாலும் கேள்விக்குறிக்கு முன்னாலும் இடைவெளி இருக்கிறது. கைப்பேசித் திரையில் வரி அந்த இடத்தில் உடைந்தால், கேள்விக்குறி மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்தில் அநாதையாக உட்கார்ந்திருக்கும். குறி எழுத்தோடு ஒட்டியே இருக்க வேண்டும். நேர்க்கோடு போன்ற மேற்கோள் குறியையும் வளைந்த மேற்கோள் குறியையும் கலக்காதீர்கள். கணினி தானாக வளைக்கும்போது இடைக்கோட்டுக்குப் பக்கத்தில் திசை தவறிவிடும். மூட வேண்டிய இடத்தில் திறந்து வைக்கும். அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதி ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றுகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பாமினியில் அரைப்புள்ளி விசையை அழுத்தினால் மெய்யெழுத்தின் புள்ளி வரும். காற்புள்ளி விசையில் ‘இ’ வரும். குறிகளின் இருக்கையில் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் மாற்றும்போது முதலில் அடிபடுவது உரையாடல்தான். என் பழைய கதை ஒன்று இப்படி மாற்றப்பட்டு அச்சுக்குப் போனபோது மேற்கோள் குறிகள் எல்லாம் காணாமல் போயின. கணவனும் மனைவியும் சண்டை போட்ட காட்சி, ஒரே ஆள் தனக்குத் தானே பேசிக்கொண்டது போல வந்தது. அதைப் புதுமையான உத்தி என்று பாராட்டி ஒருவர் கடிதம் எழுதினார். நான் மறுக்கவில்லை.

இப்போது உங்கள் பத்தியைத் திருத்தியபடி:

முத்து உள்ளே வந்தான்.

“அப்பா எங்கே அம்மா?”

“வயலுக்குப் போயிருக்கிறார்” என்றாள் அம்மா. “ஏன் கேட்கிறாய்?”

“ஒன்றுமில்லை...”

“சொல்” என்று அதட்டினாள்.

கடைசி வரியை மட்டும் இன்னும் தொடவில்லை. ‘நான் பணத்தைத் தொலைத்துவிட்டேன் என்று முத்து சொன்னான்.’ கதை சொல்பவள் அக்கா. அந்த ‘நான்’ யார்? முத்து தன் குற்றத்தை ஒப்புக்கொண்டானா, அக்காவின் தலையில் பழியைப் போட்டானா? மேற்கோள் குறி இல்லாத ‘என்று’ வாக்கியத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. மற்ற இடங்களில் ‘என்று’ ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் என்றேன். இங்கே அதனால் முடியாது. அவன் ஒப்புக்கொண்டான் என்றால்:

“நான் பணத்தைத் தொலைத்துவிட்டேன்” என்றான் முத்து.

அயற்கூற்றாக வேண்டுமென்றால் ‘தான் பணத்தைத் தொலைத்துவிட்டதாக முத்து சொன்னான்’. அந்தத் ‘தான்’ முத்துவைத் தவிர யாரையும் சுட்டாது. அக்காமேல் பழி போட்டான் என்றால்:

நான் பணத்தைத் தொலைத்துவிட்டதாக முத்து சொன்னான்.

இங்கே ‘நான்’ என்பது அக்கா மட்டும்தான். இதழாசிரியர் குழப்பம் என்று எழுதியது இந்த வரியைப் படித்த பிறகுதான் என்று நினைக்கிறேன். பணத்தைத் தொலைத்தது யார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கதையை மறுபடி அனுப்புங்கள்.